சுளுக்குக்கு ஓய்வா, உழைப்பா?

பள்ளி மைதானத்தில் கபடி ஆட்டம் நடைபெறுகிறது. பாடிச் சென்ற மாணவன் நடுக்கோட்டை நோக்கித் திரும்புகையில் அவனுடைய பாதம் உட்புறமாகப் புரண்டுவிடுகிறது. அவன் கணுக்காலைப் பற்றிக்கொண்டு அமர்ந்துவிடுகிறான். அடுத்த ஐந்து நிமிடத்திற்குள் அவனைச் சூழ்ந்து நிற்போர் ஒவ்வொருவரும் ஒரு வைத்தியம் கூறுவர். பாதத்தைப் பிடித்து இழுத்துச் சுளுக்கெடுக்க ஒருவர் முன்வருவார். எண்ணெய் தடவி நீவ வேண்டும் என்பார் மற்றொருவர். வெந்நீர் ஒத்தடம் என்று ஒரு குரல் கேட்கும். நகரத்துப் பள்ளியாயின் பனிக்கட்டி வாங்கிவர ஆள் ஓடும். இவ்வாறு வைத்தியத்தில் வேறுபடும் அனைவரும் ஒன்றில் மட்டும் உடன்படுவர்: பதினைந்து நாள் காலைத் தரையில் ஊன்றலாகாது என்பதே அது.

அனைவரும் உடன்படும் இக்கருத்துத்தான் இன்று பெரிதும் ஐயத்திற்கு உள்ளாகியிருக்கிறது. கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் பல நாடுகளில் நடந்த சோதனைகளின் பயனாக, விளையாட்டுக் காயங்களைப் பற்றி மருத்துவ உலகம் கொண்டிருந்த சில உறுதியான முடிவுகள் தளர்ந்துவிட்டன. இம்மாறுதல் பெரிய நகரங்களின் மருத்துவ மனைகளுக்குள் நின்றுவிடக் கூடாது. மைதானத்தில் மருத்துவர் இருப்பதில்லை. முதல் அரைமணி நேரத்து முடிவுகளை எடுப்பவர் உடற்பயிற்சி ஆசிரியரோ, கிராமத்துச் சுகாதார ஊழியரோதான். ஒரு பிள்ளை இரண்டு வாரத்தில் நன்றாக நடப்பதும், ஆண்டுக்கு மூன்று முறை அதே காலைச் சுளுக்கிக்கொள்வதும் பெரும்பாலும் அம்முடிவுகளைப் பொறுத்தே அமைகின்றன.

வீக்கம் பகையன்று

கணுக்கால் சுளுக்கு என்பது எலும்பு இடம் பெயர்வதன்று, நரம்பு பிசகுவதுமன்று. எலும்பையும் எலும்பையும் பிணைத்து நிற்கும் நார்க்கட்டு அளவுக்கு மீறி இழுபட்டு, அதன் இழைகளில் சில அறுபடுவதே சுளுக்கு. ஆகவே, இழுத்துச் சரிசெய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அறுந்த நாரை மேலும் இழுப்பது அறுபடாத இழைகளையும் அறுக்கவே உதவும்.

இழைகள் அறுபடும்போது சிறு இரத்தக் குழாய்களும் அறுபடுகின்றன. அவ்விடம் வீங்கிச் சிவந்து சூடேறுகிறது. இதனை ஒரு விபரீதம் என்று கருதி எப்படியாவது அடக்கிவிட வேண்டும் என்பதே நெடுங்கால வழக்கம். உண்மையில் இது பழுதுபார்க்கும் வேலையின் தொடக்கமாகும். இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் முதலில் வந்து சிதைந்த திசுவை அகற்றுகின்றன. அவற்றைத் தொடர்ந்து மாக்ரோபேஜ் எனப்படும் பெரிய விழுங்கணுக்கள் வருகின்றன. இவை எஞ்சிய கழிவை விழுங்குவதோடு, புதிய திசு வளர்வதற்கு வேண்டிய ஊக்கப் பொருள்களையும் சுரக்கின்றன. துப்புரவு செய்பவரும் கொத்தனாரும் ஒருவரே என்று கூறலாம்.

அதன் பின்னர் கொலாஜன் என்னும் புரத இழைகள் புதிதாகப் படிகின்றன. நமது கட்டுரையின் மையக் கருத்து இங்கேதான் இருக்கிறது. அவ்விழைகள் முதலில் குறுக்கும் நெடுக்குமாகத் தாறுமாறாகப் படிகின்றன. அந்நிலையில் அவற்றுக்கு வலுவில்லை. பிரிந்து கிடக்கும் தேங்காய் நாருக்கும் திரித்த கயிற்றுக்கும் உள்ள வேறுபாட்டை இதற்கு உவமையாகக் கூறலாம். இழைகளை ஒரு திசையில் அணிவகுக்கச் செய்து வலுவூட்டுவது, அவற்றின்மீது அளவாக விழும் இழுவிசையே. காலை அசைக்காமல், ஊன்றாமல் வைத்திருந்தால் அவ்விசை கிடைப்பதில்லை. நார் பலவீனமாகவே நிற்கிறது. மூட்டைச் சுற்றியுள்ள தசைகளும் மெலிகின்றன. முழு ஓய்வு எடுத்த பிள்ளை மைதானத்துக்குத் திரும்பிய சில நாள்களிலேயே மறுபடியும் கால் புரண்டு விழுவது இதனாலேதான்.

பனிக்கட்டியின் கதை

1978-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவரான கேப் மிர்கின் விளையாட்டு மருத்துவத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஓய்வு, பனிக்கட்டி, அழுத்திக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் என்னும் நான்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ரைஸ்' என்னும் சூத்திரத்தை அவர் அதில் அமைத்தார். நினைவில் நிற்க எளிதான பெயர் என்பதால் அது உலகமெங்கும் பரவியது. முதலுதவிப் பாடங்களில் எல்லாம் இடம் பெற்றது. வியப்பு யாதெனில், அதே மிர்கின் 2014-ஆம் ஆண்டில், பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதை விரைவுபடுத்துவதற்கு மாறாகத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். தாமே நட்ட மரத்தைத் தாமே வெட்ட முன்வரும் துணிவு எல்லோருக்கும் வருவதன்று.

குளிர்ச்சியினால் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. மேற்கூறிய அணுக்கள் காயத்தை அடைவதும் தாமதமாகிறது. 2011-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் எலிகளின் நசுங்கிய தசைகளுக்குப் பனிக்கட்டி வைத்துப் பார்த்தனர். பனிக்கட்டி வைக்கப்பட்ட தசைகளில் மாக்ரோபேஜ்களின் வருகை பிந்தியது. தசை புதுப்பிக்கப்படுவதும் பிந்தியது. ஆனால், எலியின் தசையில் கண்டதை மனிதனின் கணுக்காலுக்கு அப்படியே பொருத்திவிடுதல் முறையாகாது. பனிக்கட்டியினால் தீங்கு உறுதி என்று கூறுவோரும், அதனால் குணம் உறுதி என்று கூறுவோரும் சான்றைக் கடந்தே பேசுகின்றனர். மறுக்க முடியாதது ஒன்று: குளிர்ச்சி வலியைக் குறைக்கும். ஆகவே வலி கடுமையாயிருக்கும் முதல் சில மணி நேரத்தில், துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைத்து எடுப்பதில் தவறில்லை. அதனை நாள் கணக்கில் மருந்தென எண்ணித் தொடர வேண்டுவதில்லை. வெறும் தோலின்மீது நேராக வைத்தலும் கூடாது.

மைதானங்களில் இன்று பரவலாகக் காணப்படும் குளிர் தெளிப்பான்களைப் பற்றி ஒரு சொல். இவை தோலை மரத்துப்போகச் செய்கின்றன, அவ்வளவே. ஆழத்திலுள்ள நாரை அவை எட்டுவதில்லை. மேலே தெளித்துவிட்டு, பிள்ளையை அதே ஆட்டத்துக்கு மறுபடி அனுப்புவது, எச்சரிக்கை மணியின் நாவைக் கட்டிவிட்டு வண்டியை ஓட்டுவதற்கு ஒப்பாகும்.

அளவான சுமை

ஓய்வுக்கு எதிரான சான்று இதனினும் உறுதியானது. 2010-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆராய்ச்சியில், கணுக்கால் சுளுக்கிய 101 பேர் சீட்டுக் குலுக்கும் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றொரு பிரிவினர் முதல் வாரத்திலேயே கணுக்காலுக்குரிய பயிற்சிகளைத் தொடங்கினர். முதல் இரண்டு வாரங்களிலும் பயிற்சி செய்தவர்களின் காலே நன்கு இயங்கியது. அவர்கள் அதிகமாக நடக்கவும் செய்தனர். வீக்கமோ, மறுபடி காயம் படுவதோ அவர்களிடம் மிகுந்துவிடவில்லை. இவ்வாராய்ச்சியை நடத்தியவர்களே 2012-இல் பழைய சூத்திரத்தில் ஓய்வு என்பதை நீக்கி, 'அளவான சுமை' என்பதைச் சேர்த்தனர். புதிய முதலெழுத்துகள் 'போலீஸ்' என்று அமைந்தன. பின்னர் கனடாவில் 'அமைதியும் அன்பும்' எனப் பொருள்படும் மற்றொரு கூட்டெழுத்துப் பெயர் பிறந்தது. பெயர் சூட்டும் மோகம் மருத்துவர்களையும் விடவில்லை!

ஆயினும் ஒரு விலக்கு உண்டு. மூன்று நாளாகியும் காலை ஊன்றவே இயலாத கடுமையான சுளுக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பிரிட்டனில் 584 பேரிடம் ஒரு சோதனை நடத்தி 2009-இல் வெளியிட்டனர். முழங்காலுக்குக் கீழே பத்து நாள் மாவுக்கட்டுப் போடப்பட்டவர்கள், குழாய் வடிவ மீள்கட்டு மட்டும் அணிந்தவர்களைவிட மூன்றாம் மாதத்தில் நல்ல நிலையில் இருந்தனர். ஒன்பதாம் மாதத்தில் வேறுபாடு மறைந்துவிட்டது. எனவே கடுமையான காயத்துக்குச் சிறிது காலக் கட்டு நன்மையே செய்யும். அதனை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

சாதாரணச் சுளுக்குக்கு ஆசிரியர் செய்யத்தக்கது யாது? முதல் இரண்டு நாள் காலை உயர்த்தி வைக்கச் சொல்லலாம். மீள்தன்மையுள்ள கட்டுத்துணியை விரல்களின் அடிப்பகுதியிலிருந்து மேல்நோக்கிச் சுற்றலாம். விரல்கள் வெளுத்தாலும், மரத்தாலும், கட்டுக்குக் கீழே வலி மிகுந்தாலும் உடனே தளர்த்திவிட வேண்டும். படுத்திருக்கும்போதே பாதத்தை மேலும் கீழும் மெல்ல அசைக்கச் செய்யலாம். பெருவிரலால் காற்றில் எழுத்துகளை எழுதச் சொன்னால் சிறு பிள்ளைகள் விருப்பத்தோடு செய்வார்கள். வலி பொறுக்கும் அளவில் ஊன்றுகோலின் உதவியோடு நடக்கலாம். பிறகு உதவியின்றி நடக்கலாம். பிறகு ஒற்றைக் காலில் நின்று பழகலாம். ஓட்டமும் தாவுதலும் அதற்கும் பின்னரே. அளவை அறிவது எவ்வாறெனில், பயிற்சியின்போது வலி ஏறிக்கொண்டே போனாலும், மறுநாள் காலையில் வீக்கம் மிகுந்து காணப்பட்டாலும் சுமை மிகுதி. அதைக் குறைக்க வேண்டும். சற்று வலிப்பது மட்டும் நிறுத்துவதற்குக் காரணமாகாது.

முறிவா, சுளுக்கா?

இவை அனைத்தும் எலும்பு முறியவில்லை என்ற உறுதியின்மேல் நிற்பவை. இதனைத் தெரிந்துகொள்ளக் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வகுத்த விதிகள் மிக எளியவை. எக்ஸ்-ரே நிலையம் இருபது மைல் தொலைவில் உள்ள ஊரிலும் இவற்றைப் பயன்படுத்தலாம்.

வெளிக்கணுவிலும் உட்கணுவிலும் எலும்பின் நுனியையும், பின் விளிம்பின் கீழ்ப்பகுதி 6 சென்டிமீட்டரையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அடுத்து, பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலிலிருந்து பின்னோக்கி வந்தால் பாதத்தின் நடுவே புடைத்திருக்கும் எலும்பையும், உள்பக்கத்தில் கணுவுக்குச் சற்று முன்னே உள்ள படகெலும்பையும் அழுத்த வேண்டும். இவ்விடங்களில் ஒன்றிலேனும் எலும்பின்மீதே வலி இருந்தாலும், அல்லது காயம் பட்ட உடனும் பிறகு பரிசோதிக்கும்போதும் நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலும் எக்ஸ்-ரே வேண்டும். இவற்றில் எதுவும் இல்லையாயின் முறிவு இருப்பது மிக அரிது. நொண்டி நடந்தாலும் அது நடையே. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் முனையில் வளர்தட்டு என்னும் மென்பகுதி உண்டாதலால், எலும்பின்மீது வலி என்றால் சிறிதும் தயங்காமல் மருத்துவரிடம் அனுப்புவது நலம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இவ்விதிகளை நம்பலாகாது. மூட்டு கோணியிருந்தாலும், பாதம் மரத்துக் குளிர்ந்திருந்தாலும் விதிகளைச் சோதித்துக்கொண்டிராமல் நேரே மருத்துவ மனைக்குச் செல்ல வேண்டும்.

முழங்கையை நீவாதீர்

அசைவு நல்லது என்று மேலே கூறினோம். அதனைத் தவறாகப் பொருள் கொண்டு, நீவிவிடுதலும் நல்லதுதான் என்று எவரேனும் முடிவு செய்தால் பெருந்தீங்கு நேரும். தானே அசைப்பது வேறு. பிறர் பிடித்து அசைப்பது வேறு. தானே அசைப்பவனை வலி தடுத்து நிறுத்துகிறது. பிறர் கைக்கு அந்தத் தடை தெரியாது.

நம் நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் இதன் கொடுமையை எலும்பு மருத்துவர்கள் காண்கின்றனர். கையை நீட்டியவாறு விழும் சிறுவனுக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது சாதாரணம். அதனைச் சுளுக்கென்று கருதி எண்ணெய் தடவி, நாள்தோறும் நீவி, கையை வலிந்து மடக்கி நீட்டுவர். காயம்பட்ட தசையினுள் தேங்கிய இரத்தம் இவ்வாறு மீண்டும் மீண்டும் கலைக்கப்படுமானால், அத்தசைக்குள்ளேயே எலும்பு வளரத் தொடங்குகிறது. சில மாதங்களில் முழங்கை விறைத்துவிடுகிறது. சாப்பிடக் கை வாய்க்கு எட்டாத நிலையும் வருவதுண்டு.

மூங்கில் பத்தைகளை வைத்து இறுகக் கட்டுவதன் விளைவு இன்னும் கொடியது. இறுக்கத்தினால் முன்கைத் தசைகளுக்கு இரத்தம் செல்வது தடைப்பட்டால், சில மணி நேரத்திலேயே தசை இறக்கத் தொடங்கும். பின்னர் அது சுருங்கி, விரல்கள் நிரந்தரமாக மடங்கிப் பறவையின் நகம்போல் ஆகிவிடும். ஜெர்மானிய மருத்துவர் ஃபோல்க்மன் 1881-இல் விவரித்த இந்நோய் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. கட்டிய பிறகு வலி குறைவதற்கு மாறாகப் பெருகுவதும், விரல்களை மெல்ல நிமிர்த்தினால் பிள்ளை அலறுவதும் இதன் முதல் அறிகுறிகள். அக்கணமே கட்டை அவிழ்த்துவிட்டு மருத்துவ மனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 'கட்டுப் போட்டால் வலிக்கத்தான் செய்யும்' என்று இரவெல்லாம் சமாதானம் கூறியதால் கையை இழந்த குழந்தைகள் உண்டு.

தலையில் அடி

தலைக்காயத்தில் மட்டும் ஆட்டத்தை விட்டு விலக்குவதே முதல் விதி. 1998 பிப்ரவரி 20-ஆம் நாள் டாக்காவில் நடந்த சங்கப் போட்டியொன்றில், இந்தியக் கிரிக்கெட் வீரர் ராமன் லாம்பா மட்டையாளருக்கு மிக அருகே, தலைக்கவசமின்றித் தடுப்பாட்டத்தில் நின்றார். வேகமாக அடிக்கப்பட்ட பந்து அவர் தலையைத் தாக்கியது. அவர் தாமே நடந்து ஓய்வறைக்குச் சென்றார். அதன் பின்னரே நினைவிழந்தார். மூன்றாம் நாள் உயிர் நீத்தார். தலைக்குள் இரத்தக் கசிவு மெல்லப் பெருகும்போது இத்தகைய இடைக்காலத் தெளிவு ஏற்படும். 'எனக்கு ஒன்றுமில்லை' என்று காயம் பட்டவர் கூறுவது சான்றாகாது.

தலையில் அடிபட்டுச் சிறிது நேரமேனும் தடுமாறிய, குழம்பிய, அல்லது நினைவிழந்த மாணவனை அன்றைய ஆட்டத்தில் மறுபடி இறக்கலாகாது. வாந்தி, பெருகும் தலைவலி, உறக்கக் கலக்கம், வலிப்பு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் மருத்துவ மனை. முதல் நாள் அவனைத் தனியே விடக் கூடாது. எனினும் இங்கும் முழு ஓய்வு பற்றிய கருத்து மாறியிருக்கிறது. அறிகுறிகள் யாவும் மறையும் வரை இருட்டறையில் படுக்க வைப்பது முன்னைய வழக்கம். 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சர்வதேச வல்லுநர் மாநாடு, 24 முதல் 48 மணி நேரம் வரை மிதமான ஓய்வும், அதன்பின் நடை போன்ற இலேசான இயக்கமும் நன்மை தரும் என்று அறிவித்தது. மாணவன் முதலில் வகுப்புக்குத் திரும்ப வேண்டும். ஆட்டத்துக்குப் படிப்படியாக, மருத்துவரின் ஒப்புதலோடு, பிறகே.

வருமுன் காப்பது

பயிற்சிக்கு முன் கைகால்களை இழுத்து அரை நிமிடம் நிற்பது நம் பள்ளிகளில் ஒரு சடங்காக நடைபெறுகிறது. இது காயத்தைத் தடுக்குமா? ஆஸ்திரேலிய இராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரிடம் நடந்த சோதனை 2000-இல் வெளியாயிற்று. பன்னிரண்டு வாரப் பயிற்சியில் தசைகளை இழுத்துப் பழகியவர்களுள் 158 பேருக்கும், இழுக்காதவர்களுள் 175 பேருக்கும் காலில் காயம் ஏற்பட்டது. இரு பிரிவினருக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இழுப்பதில் தீங்கில்லை, ஆனால் அதனை ஒரு காப்பு என்று நம்பி, உண்மையான காப்பை விட்டுவிடுவதில் தீங்கு உண்டு.

அந்த உண்மையான காப்பு வலுவும் சமநிலையும் ஆகும். நார்வே நாட்டில் கைப்பந்தாட்டம் ஆடும் 1,837 இளைஞர்களைக் கொண்டு 2005-இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், ஓட்டம், தாவி இறங்கும் முறை, சமநிலை, தசை வலு ஆகியவற்றை ஆட்டத்துக்கு முன் முறையாகப் பழகிய சங்கங்களில் முழங்கால், கணுக்கால் காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. நெதர்லாந்தில் கணுக்கால் சுளுக்கிக் குணமடைந்த 522 விளையாட்டு வீரர்களுள் ஒரு பகுதியினர் எட்டு வாரம் வீட்டிலேயே சமநிலைப் பயிற்சி செய்தனர். ஓராண்டில் மறுபடி சுளுக்கியோர், பயிற்சி செய்தவர்களுள் 22 விழுக்காடு. செய்யாதவர்களுள் 33 விழுக்காடு. இது 2009-இல் வெளிவந்தது.

இவற்றுள் எதற்கும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒற்றைக் காலில் நின்று பந்தை எறிந்து பிடிக்கலாம். கண்ணை மூடி நின்று பழகலாம். தாவி இறங்கும்போது முழங்கால்கள் உட்புறமாகச் சாயாமல், மடங்கிய நிலையில், ஓசையின்றி இறங்கக் கற்பிக்கலாம். சிறுமிகளுக்கு இது மிகவும் இன்றியமையாதது. முழங்காலின் குறுக்கு நார் அறுபடுவது இவர்களிடையே அதிகம். இடை தாங்கும் பயிற்சிகளையும் சேர்த்து எல்லாம் இருபது நிமிடத்துக்கு மேற்படா.

ஓட்டமும் கால்பந்தும் பயில்வோருக்குத் தொடையின் பின்தசை அறுவது பெருந்தொல்லை. டென்மார்க்கில் 942 கால்பந்து வீரர்களிடம் நடந்து 2011-இல் வெளியான சோதனை இதற்கு ஓர் எளிய உபாயத்தைக் காட்டியது. மாணவன் மண்டியிட்டு நிற்க, தோழன் ஒருவன் அவனுடைய கணுக்கால்களைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறான். மாணவன் உடலை நேராக வைத்தபடி, இயன்றவரை மெதுவாக முன்னோக்கிச் சாய்ந்து, இறுதியில் கைகளால் தரையைத் தாங்கிக்கொள்கிறான். பத்து வாரத்தில் 27 முறை இப்பயிற்சி நடத்தப்பட்டது. செய்த பிரிவில் அப்பருவத்தில் நேர்ந்த பின்தொடைக் காயங்கள் 15; செய்யாத பிரிவில் 52. முதல் வாரத்தில் தொடை வலிக்கும் என்பதை மாணவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒரு சுற்றுக்கு ஐந்து முறை, வாரத்துக்கு ஒரு நாள் என்று தொடங்குவது போதும்.